வெண்ணெய்ப் பழ மரமும் நம் வகுப்பறையும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கீழ்ப்பழனி மலையில் எங்கள் பள்ளியைச் சுற்றிலும் காபித் தோட்டங்கள். அவற்றினிடையே வெண்ணெய்ப் பழ மரங்களும் நிற்கின்றன. 'பட்டர் புரூட்' என்றால்தான் மாணவர்களுக்குப் புரியும். தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி. 1 என்ற இரகத்தையே வெளியிட்டிருக்கிறது. இம்மரத்தின் பிறப்பிடம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பமான லாரேசியைச் சேர்ந்தது.

மகரந்தச் சேர்க்கை பாடத்துக்கு இதைவிட நல்ல துணைக்கருவி இல்லை. ஒரே பூ இருமுறை விரியும். 'ஏ' வகை மரத்தில் முதல் நாள் காலையில் பெண் பூவாக விரிந்து மூடி, மறுநாள் பிற்பகலில் ஆண் பூவாக விரியும். 'பி' வகையில் முதல் நாள் பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண். இரு வகையும் அருகருகே நின்றால் தேனீக்களால் காய்ப்பிடிப்பு கூடும். காய் மரத்தில் பழுக்காது. பறித்த பிறகே பழுக்கும். ஏன் என்று மாணவர்களையே கேட்க விடுங்கள்.

அடுத்தது நோய். இலை வெளிறிச் சிறுத்து, நுனிக்கிளைகள் காய்ந்தால் நம் மக்கள் இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். பெரும்பாலும் அதுவே மரத்துக்கு முடிவாகிவிடும். காரணம், வேரழுகல். பைட்டோப்தோரா சின்னமோமி என்ற, பூசணம் போன்ற நுண்ணுயிரி நீர் தேங்கிய மண்ணில் பெருகி, நுண்வேர்களைக் கருக்கிவிடுகிறது. மண் ஈரமாக இருந்தும் மரம் வாடுகிறது. உலகெங்கும் விற்கும் ஹாஸ் இரகத்தின் தாய்மரம், கலிபோர்னியாவில் 2002ஆம் ஆண்டு இந்நோயால்தான் பட்டு, வெட்டப்பட்டது. வடிகால் அமைப்பதும், அடிமரத்தைச் சுற்றி மூடாக்கு இடுவதும், நோய் கண்ட தோட்டத்து மண்ணை மண்வெட்டியோடு கொண்டுவராதிருப்பதுமே முதல் காப்பு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "டீச்சர், கவாத்து பண்ணின கிளையைப் போட்டதிலிருந்து எங்க ஆட்டுக்கு மடி வீங்கிருச்சு, பாலே இல்ல" என்றாள். ஆடு பிழைத்தது. ஆனால் அந்த ஈற்றில் பால் திரும்பவில்லை. குட்டிக்குப் பசும்பால் வாங்கி ஊட்டினார்கள். கூலி வேலை செய்யும் வீட்டில் அது சிறிய செலவல்ல.

இம்மரத்தின் இலை, பட்டை, கொட்டை, பழத்தோல் ஆகியவற்றில் பெர்சின் என்ற நச்சுப்பொருள் உண்டு. இலையே மிக ஆபத்தானது. ஆடு, மாடு, குதிரை, முயல் தின்றால் பால் சுரப்பி கெடும். மிகுதியானால் இதயத் தசை பழுதுபட்டு உயிரே போகும். கிளி, லவ் பேர்ட்ஸ் போன்றவற்றுக்குப் பழத்தின் சதையும் ஆகாது. மனிதர் உண்ணும் பழம் மற்ற உயிருக்கும் நல்லது என்று நம் பிள்ளைகள் அன்போடு ஊட்டிவிடுவார்கள். அந்த அன்பை நாம் தடுக்க வேண்டாம். அறிவைச் சேர்த்துக் கொடுப்போம்.

'நஞ்சும் உணவும்' என்று ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். தங்கள் ஊரில் கால்நடைக்கு ஆகாத செடிகள் எவை என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். அப்பட்டியலைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்து, பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஆடு மேய்க்கும் பெற்றோர் அதைப் படித்துவிட்டுப் போனால், அன்றைய பாடம் வீடுவரை சென்றுவிட்டது என்று பொருள்.