இயந்திரம் வெடித்தது, விமானம் விழவில்லை



விமான இயந்திரக் கோளாறுகளைப் பத்திரிகைகள் சரியாகச் சொல்கின்றனவா என்பது இன்றைய கேள்வி. பல நேரங்களில் இல்லை என்பதே என் பதில்.

2010 நவம்பர் 4ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். அன்று காலை சாங்கியிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் ஏ380 விமானத்தில் 469 பேர் இருந்தனர். சில நிமிடங்களில், பாத்தாம் தீவுக்கு மேலே, நான்கு இயந்திரங்களில் ஒன்று வெடித்தது. அதன் துண்டுகள் பாத்தாமில் வந்து விழுந்தன. உடனே, விமானமே விழுந்துவிட்டது என்று செய்தி கிளம்பியது. சில ஊடகங்கள் விசாரிக்காமல் அதை அப்படியே வெளியிட்டன. விமானமோ வானில் வட்டமிட்டுக் கொண்டிருந்தது! ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு சாங்கியிலேயே இறங்கியது. பயணிகள் யாருக்கும் காயமில்லை. ஆனால், அந்த நேரத்தில் செய்தியைப் பார்த்த குடும்பங்கள் பட்ட பாட்டுக்கு யார் பொறுப்பு?

சரி, “இயந்திரம் பழுது, விமானம் பத்திரம்” என்று இரண்டு வரியில் முடித்துவிடலாமா? அதுவும் தவறுதான். உடைந்த டர்பைன் தட்டின் துண்டுகள் இறக்கையைத் துளைத்து, மின்கம்பிகளை அறுத்துவிட்டன. எரிபொருள் ஒழுகியது. தரையிறங்கிய பிறகும் இன்னோர் இயந்திரத்தை நிறுத்த முடியவில்லை. தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் நீரும் நுரையும் பீய்ச்சித்தான் அதை அடக்கினார்கள். இது சின்னப் பழுதா?

இயந்திரத்துக்குள் காற்றோட்டம் ஒரு கணம் தடுமாறினாலும் ‘டமார்’ என்று ஓசை கேட்கும், பின்பக்கம் தீப்பிழம்பு தெரியும். பெரும்பாலும் சில நொடிகளில் அடங்கிவிடும். அதற்கும் “நடுவானில் வெடித்தது” என்று தலைப்புப் போட்டால், பாத்தாமுக்கு மேலே நடந்ததை எந்தச் சொல்லால் சொல்வது? (பயணி கைத்தொலைபேசியில் எடுத்த படம் கிடைத்துவிட்டால், தலைப்பு தானாகப் பெரிதாகிவிடுகிறது.)

செய்தியாளர்கள் எல்லாரும் பொறியாளராக முடியாது, ஒப்புக்கொள்கிறேன். விமானம் எங்கே இருக்கிறது என்று கேட்கப் பொறியியல் படிக்க வேண்டியதில்லையே!

ஆஸ்திரேலியப் புலனாய்வாளர்கள் 2013 ஜூனில் இறுதி அறிக்கை தந்தார்கள். எண்ணெய் செல்லும் ஒரு சிறு குழாயின் சுவர், தயாரிப்பிலேயே ஒரு பக்கம் மெலிந்திருந்தது. அதில் விரிசல் விட்டது, எண்ணெய் கசிந்தது, உள்ளே தீப்பிடித்தது, தட்டு உடைந்து சிதறியது. அன்றைய பரபரப்பை நினைவில் வைத்திருக்கும் நம்மில் எத்தனை பேர் அந்தக் குழாயைப் பற்றிப் படித்திருக்கிறோம்?