பிரெஞ்சு மக்களின் உணவு மேசை

அயல்நாடு சென்று திரும்பியவரிடம் கோபுரங்களையும் அரண்மனைகளையும் பற்றியே பலரும் வினவுகின்றனர். அந்நாட்டார் எவ்வாறு உண்கின்றனர் என்று கேட்போர் சிலரே. ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றபின் சில வாரங்கள் பிரான்சு நாட்டில் சுற்றிய எனக்கோ, ஈபெல் கோபுரத்தினும் ரொட்டிக் கடைகளே பெருவியப்பை அளித்தன.

அந்நாட்டில் ரொட்டிக்குச் சட்டம் உண்டு. மாவைப் பிசைதலும், வடிவமைத்தலும், சுடுதலும் விற்கும் இடத்திலேயே நடைபெற்றால்தான் ஒரு கடை 'பூலான்ஜெரி' எனப் பெயர்ப்பலகை மாட்டலாம் என 1998ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. உறையவைத்த மாவை வேறிடத்தினின்று வாங்கிச் சுடுபவர் ரொட்டி விற்கலாம். அப்பெயரைச் சூட்டிக்கொள்ளல் ஆகாது. ஒரு சொல்லின் பொருளைக் காக்க அரசு இத்துணை அக்கறை கொள்வது மொழியாசிரியனாகிய எனக்கு மிகவும் பிடித்திருந்தது! 'பகெத்' என்னும் நீண்ட ரொட்டியைச் செய்யும் கலையை 2022இல் யுனெஸ்கோ நிறுவனம் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதை வாங்கிச் செல்லும் பெரியவர்களும் வீடு சேருமுன்னரே அதன் முனையைக் கிள்ளித் தின்பதைக் கண்டேன்.

இனிப்புப் பண்டக் கடைகளுக்குப் 'பத்திசெரி' என்று பெயர். பாரிசின் மோந்தர்கேய் தெருவிலுள்ள ஸ்தோரேர் கடை 1730 முதல் நடந்துவருகிறது. 'பாரி-பிரெஸ்த்' என்றொரு பண்டம் சைக்கிள் சக்கரம் போல் வட்டமாக இருக்கும். 1891இல் தொடங்கிய சைக்கிள் பந்தயத்தின் நினைவாகத் தோன்றியது அது. நடுவே கொட்டைப் பருப்பு அரைத்த பாலேடு. முட்டையை விலக்குவோர் மட்டும் இக்கடைகளில் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

இனி உணவகம். நாம் 'மெனு' என்றால் பண்டங்களின் பட்டியல் என்று கொள்கிறோம். அங்கே அப்பட்டியலின் பெயர் 'கார்த்'. 'மெனு' என்பது குறித்த விலைக்கு முறையாக வரும் முழுச் சாப்பாடு. முதலில் ஒரு சிற்றுணவு, அடுத்துப் பேருணவு, பின்னர் பாற்கட்டியோ இனிப்போ. ரொட்டிக்கும் கூசாவில் வரும் குழாய்நீருக்கும் தனிக் கட்டணம் இல்லை. நாம் கேட்கும்வரை பரிசாரகர் பற்றுச்சீட்டைக் கொண்டுவர மாட்டார். மணி அடித்ததும் எழுந்தே பழகிய எனக்கு முதல் நாள் இது பொறுமையின்மையையே தந்தது. பணத்தை வாங்க வருவாரில்லையே என்று வாயிலையே நோக்கினேன்! எழுந்து செல் என்று குறிப்பால் உணர்த்துவதை அவர்கள் மரியாதைக் குறைவாகக் கருதுகின்றனர் என்று பின்னர் அறிந்தேன். இப்போது அங்கும் நின்றபடியே சாண்ட்விச் தின்று அலுவலகம் விரைவோர் பலர் உளர். கூடியிருந்து உண்ணும் அவ்வழக்கத்தை யுனெஸ்கோ 2010இலேயே பட்டியலிட்டது.

நான் புலால் உண்ணாதவன். நீசு நகரில் ஒரு சிறிய உணவகத்தில் வெங்காயச் சூப்பைக் கேட்டேன். அது பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில் ஆக்கப்படுவது, ஆதலின் வினவினேன். பரிசாரகர் ஊகித்து விடையிறுக்கவில்லை. உள்ளே சென்றார், சமையற்காரரே வெளியே வந்தார், "வேண்டாம், ஐயா" என்று கையசைத்தார். கத்தரிக்காயும் தக்காளியும் குடைமிளகாயும் மெல்ல வேகவைத்த அவ்வூர் 'ரத்தத்தூய்' வந்தது. அதனைத் தொட்டுண்ண ஒரு கூடை ரொட்டியும் வைத்தார். அன்று பற்றுச்சீட்டைக் கேட்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.