லினக்ஸ் நிறுவும் பென்டிரைவ்: செய்யும் முறையும் காக்கும் முறையும்

(சங்கத்தின் பொதுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



 இம்மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்பெறுவது வழக்கம். அவற்றைப் பேசும் புலமை நமக்கு இல்லை. பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்து, பார்சல் கணக்கிலும் பதிவேட்டிலும் காலம் கழித்து வருகின்றோம். எனினும், காலனி மக்களுக்குப் பயன்படும் விஷயம் ஒன்றைக் கூறுமாறு செயலாளர் பணித்தமையால், வீட்டிலே சும்மா கிடக்கும் பழைய கணினியைத் திரும்பவும் வேலைக்குக் கொண்டுவரும் வழியைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற முன்வந்தோம்.

நம் காலனிக் கணினிகளுட் பல விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்தால் நடப்பவை. அதற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்ததாகிய விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பைக் கேட்கின்றது. இன்டெல் செயலியாயின், 2017ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ பெரும்பாலும் வேண்டும். ஆதலின், திரையும் விசைப்பலகையும் பழுதின்றி இருக்கும் கணினிகள்கூட ‘இனி உதவா’ என்று ஒதுக்கப்படுகின்றன. மாதச் சம்பளக்காரர்களாகிய நமக்குப் புதிய கணினி எளிய செலவன்று. பிள்ளைகளின் படிப்புக் கைப்பேசியின் சிறு திரைக்குள் ஒடுங்குவதும் நன்றன்று. இவ்விரண்டு இடர்களையும் தவிர்க்கும் வழி லினக்ஸ்.

லினக்ஸ் என்பது யாது? ஃபின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் அதன் கருவை எழுதத் தொடங்கினார். அமெரிக்க நாட்டின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகள் அதனோடு சேர்ந்து முழு இயங்குதளமாக உருப்பெற்றது. டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் எனப் பல பதிப்புகள் உள. நம் நாட்டின் சி-டாக் நிறுவனமும் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் பதிப்பை வெளியிட்டிருக்கின்றது. இவற்றை விலையின்றிப் பெறலாம். பிறருக்குப் படியெடுத்தும் கொடுக்கலாம். அது திருட்டன்று, உரிமமே அதற்கு இடமளிக்கின்றது. ஒரு வீட்டார் செய்யும் பென்டிரைவ் காலனி முழுமைக்கும் உதவுவது இதனாலேதான்.

செய்முறைக்குச் செல்லுமுன் ஓர் எச்சரிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டுக் கணினி நின்றுபோகவே, பழுது பார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தோம். மூன்றாம் நாள் கணினி பளிச்சென்று வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. திருக்கடையூரில் நடைபெற்ற நம் தந்தையாரின் அறுபதாம் கலியாணப் படங்கள் அதில் இருந்தன. கடைக்காரர் ஒரு வார்த்தையும் கேளாமல் வட்டு முழுவதையும் துடைத்துவிட்டுப் புதிய இயங்குதளத்தைப் போட்டிருந்தார். “இப்போது வேகமாக ஓடுகிறதல்லவா?” என்றார். தந்தையார் இன்று இல்லை, அப்படங்களும் இல்லை. இயங்குதளத்தை எத்தனை முறை வேண்டுமாயினும் திரும்பப் பெறலாம். குடும்பத்தின் படங்களை எந்த நிறுவனம் திரும்பத் தரும்? ஆகவே, முதல் வேலை சேமிப்பு. படங்கள், பிள்ளைகளின் குறிப்புகள், சான்றிதழ்களின் நகல்கள் அனைத்தையும் வேறொரு வட்டில் படியெடுங்கள். படியெடுத்ததோடு நில்லாமல், அவ்வட்டை இன்னொரு கணினியில் இணைத்து, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். அதன்பின் அவ்வட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். வேலை முடியும் வரையில் அது கணினியின் அருகே வரலாகாது.

இனி வேண்டும் பொருள்கள். குறைந்தது 8 ஜிபி கொண்ட பென்டிரைவ் ஒன்று, இணைய இணைப்புள்ள கணினி ஒன்று, பொறுமை கொஞ்சம். பென்டிரைவில் இருப்பவை யாவும் அழிந்துபோம். சரக்கேற்றுமுன் வேகனைக் காலி செய்வது போன்றது இது. உள்ளே இருந்த மூட்டைக்குப் பின்னர் யாரிடமும் நஷ்டஈடு கேட்க இயலாது.

முதலில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவின் சொந்த இணையதளத்திலிருந்து ஐஎஸ்ஓ என்னும் கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். லினக்ஸ் மின்ட்டுக்கு நினைவகம் 2 ஜிபி இருந்தால் நடக்கும். 4 ஜிபி இருந்தால் சௌகரியம். கோப்புப் பெரியது, ஆதலின் கைப்பேசியின் அன்றாட டேட்டாவில் இறக்க முற்படாமல், வைஃபை உள்ள இடத்தில் இறக்குதல் நலம்.

இறக்கியவுடன் எழுதத் தொடங்கலாகாது. பார்சல் ஆபீசில் மூட்டை வந்தால், வே-பில்லில் கண்ட எடையும் தராசில் கண்ட எடையும் ஒத்திருக்கின்றனவா, சீல் உடையாமல் இருக்கின்றதா என்று பார்த்த பின்னரே கையெழுத்திடுகின்றோம். கணினியிலும் அத்தகைய சோதனை உண்டு. ஷா-256 என்னும் கணக்கு, கோப்பு எத்துணைப் பெரிதாயினும் அதனை 64 எழுத்துகள் கொண்ட ஒரு குறியாகச் சுருக்கிவிடும். கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பினும் குறி முழுவதும் மாறிப்போம். இணையதளத்தில் வெளியிட்ட குறியையும் நம் கணினி காட்டும் குறியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் என்னும் கட்டளை இதனைச் செய்யும். குறி ஒத்துவரவில்லையானால் கோப்பை நீக்கிவிட்டு மீண்டும் இறக்குங்கள். நிறுவும்போது பாதியில் நின்றுபோகும் தொல்லைகளுட் சில இச்சோதனையைச் செய்யாமையால் வருவனவே.

“ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென்டிரைவில் படியெடுத்தால் போதாதா?” என்று ஒரு மாணவர் நம்மைக் கேட்டார். போதாது. கணினி விழித்தெழும்போது அதற்கு ஒன்றும் தெரியாது. எந்த வட்டில், எந்த இடத்தில், தன்னை எழுப்பும் சிறு நிரல் இருக்கின்றது என்பதை மட்டுமே தேடும். அந்நிரல் தன்னினும் பெரியதை எழுப்ப, அது முழு இயங்குதளத்தையும் எழுப்புகின்றது. பூட்ஸின் வாரைப் பற்றித் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது என்னும் ஆங்கில வழக்கிலிருந்தே இதற்குப் ‘பூட்’ என்னும் பெயர் வந்தது. வெறுமனே படியெடுத்த ஐஎஸ்ஓ, பெட்டிக்குள் மடித்து வைத்த கூடாரம் போன்றது. அதனைப் பிரித்து, எழுப்பும் நிரலை உரிய இடத்தில் வைக்க ஒரு கருவி வேண்டும்.

விண்டோஸில் ரூஃபஸ் என்பது அத்தகைய கருவி. பலேனா எட்சர் என்பது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குவது. ரூஃபஸைத் திறந்து, பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் தேர்ந்தெடுங்கள். பகிர்வு முறை என்ற இடத்தில், பழைய பயாஸ் கணினியாயின் எம்பிஆர் எனவும், புதிய யூஇஎஃப்ஐ கணினியாயின் ஜிபிடி எனவும் கொள்ளுங்கள். தொடங்குமுன் பென்டிரைவின் பெயரையும் கொள்ளளவையும் வாய்விட்டுப் படியுங்கள். 8 ஜிபி என்று காட்ட வேண்டிய இடத்தில் 500 அல்லது 1000 என்று காட்டினால், அது நீங்கள் கருதிய பொருளன்று. லினக்ஸில் டிடி என்னும் கட்டளையாலும் இவ்வேலையைச் செய்யலாம். ஆயின் அது ‘உறுதியா?’ என்று ஒருமுறையும் கேளாது. பாயிண்டைத் தவறான லைனுக்குத் திருப்பிவிட்டால் வண்டி அவ்வழியேதான் செல்லும். ஓட்டுநரைக் கடிந்து பயனில்லை. பழக்கமில்லாதவர்கள் அக்கட்டளையை நாடாதிருத்தல் நலம்.

எழுதி முடிந்தபின், சில சமயம் விண்டோஸ் அப்பென்டிரைவை அடையாளம் காணாமல், ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆம் என்றால் செய்த வேலை அத்தனையும் வீண்.

அடுத்து, கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, மீண்டும் இயக்க வேண்டும். எழும்போதே ஒரு விசையைத் தட்டினால் எதிலிருந்து எழுவது என்னும் பட்டியல் தோன்றும். டெல், லெனோவா கணினிகளிற் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, அசூஸ் மடிக்கணினியில் எஸ்கேப். பட்டியலில் யூஎஸ்பி என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது லினக்ஸ் திரையில் தோன்றும். அது பென்டிரைவிலிருந்தே நடப்பது. வீட்டுக் கணினியின் வட்டை நாம் சொன்னாலன்றித் தொடாது. இதுவே லினக்ஸின் பெருஞ்சிறப்பு. மணப்பெண்ணைப் பார்க்கச் சென்ற அன்றே தாலி கட்டுவார் உண்டோ? அவசரப்படாமல் ஒரு மாலைப்பொழுது முழுதும் சோதியுங்கள். வைஃபை இணைகின்றதா, ஒலி கேட்கின்றதா, பிரிண்டர் வேலை செய்கின்றதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய கணினிகள் சிலவற்றில் வைஃபைக்கு மட்டும் தனியே டிரைவர் போட வேண்டியிருக்கும். டாலி போன்ற கணக்கு மென்பொருளை நம்பித் தொழில் செய்வோர் விண்டோஸை விட்டுவிடுதல் தகாது. கடிதம் எழுதுதல், பாடம் கேட்டல், வலைத்தளம் பார்த்தல் ஆகியவற்றுக்கு லினக்ஸில் ஒரு குறையும் இல்லை.

சோதனையில் மனம் நிறைவுற்றால் மட்டுமே நிறுவும் பொத்தானை அழுத்துங்கள். அங்கே முக்கியமான கேள்வி ஒன்று வரும்: விண்டோஸோடு சேர்த்து நிறுவுவதா, வட்டை முழுதும் அழித்து நிறுவுவதா என்பது. வீட்டில் எல்லோரையும் கலந்து விடை கூறுங்கள். சேர்த்து நிறுவுவதாயின், விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருக்கின்றதா என்று முன்னரே பார்த்து, அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சாவியின்றிப் பூட்டு விழுந்தால் உள்ளிருப்பதை எவராலும் எடுக்க இயலாது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகள் தமிழை வீட்டிலேதான் பழக வேண்டும். லினக்ஸில் தமிழ் எழுத்துருக்களும், தமிழ்நாட்டு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் செலவின்றிக் கிடைக்கின்றன. திரையின் சொற்களையே பெருமளவு தமிழில் மாற்றிக்கொள்ளலாம். ஊரிலுள்ள பாட்டிக்குத் தமிழில் தட்டச்சு செய்து ஒரு கடிதம் அனுப்புமாறு பிள்ளையிடம் சொல்லுங்கள். எழுத்து தானே வசமாகும்.

நிறைவாக, சங்கத்தாருக்கு நமது விண்ணப்பம். வென்டாய் என்னும் கருவியால், ஒரே பென்டிரைவில் பல ஐஎஸ்ஓக்களை வைத்துக்கொள்ளலாம். அத்தகைய பென்டிரைவ் ஒன்றைச் செய்து வாசகசாலை அலமாரியில், பதிவேட்டில் கையெழுத்திட்டுப் பெறும் பொருளாக வைக்க வேண்டும். வீட்டில் உதவாது என்று ஒதுக்கிய கணினிகளைச் சங்கத்திற்கு அளித்தால், விடுமுறை நாள்களில் நாமே உடனிருந்து லினக்ஸ் நிறுவித் தரச் சித்தமாயிருக்கின்றோம். அவற்றைக் கணினி இல்லாத மாணவர்களுக்குக் கொடுக்கலாம். கொண்டுவருவோருக்கு ஒரே ஒரு நிபந்தனை: உள்ளிருக்கும் படங்களைப் படியெடுத்து விட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அக்கையெழுத்தின்றி ஒரு வட்டையும் நாம் தொடமாட்டோம்.