இழந்த உறுப்பும் இசைந்த உடையும்



சபையிற் பேசக் கூசும் பொருளொன்றை இன்று நாம் எடுத்துக்கொள்கின்றோம். கூச்சத்தினால் மறைக்கப்படும் துன்பம் குறைவதில்லை, வளரவே செய்கின்றது. ஆகையாற் பேசத்தான் வேண்டும்.

மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள் பலருக்கு அவ்வுறுப்பை அகற்றும் சத்திரசிகிச்சை செய்யப்படுகின்றது. உயிர் தப்பியதென்று உறவினர் ஆறுதலடைகின்றனர். அப்பெண்ணுக்கோ அன்றுதான் வேறொரு தொல்லை தொடங்குகின்றது. ஒரு பக்கத்துப் பாரம் நீங்கியதால் தோள் சரியலாம். கழுத்தும் முதுகும் நோகலாம். தழும்பின்மேல் உள்ளாடையின் கம்பியோ தையல் விளிம்போ பட்டால் உறுத்தும். நாலுபேர் முன் செல்ல அஞ்சி வீட்டினுள் ஒடுங்குவோரும் உளர். இது வெறும் அலங்காரக் கவலையா? அன்று, நிமிர்ந்து நடப்பதைப் பற்றிய கவலை.

இக்குறையைத் தீர்க்க முன்வந்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த ரூத் ஹான்ட்லர் அம்மையார். 1959ஆம் ஆண்டில் வெளிவந்த பார்பி என்னும் பொம்மையை உருவாக்கியவர் இவரே. 1970இல் இவருக்கு ஒரு மார்பகம் அகற்றப்பட்டது. அக்காலத்தில் இவருக்குக் கிடைத்த செயற்கை மார்பகம் உருவமற்ற உருண்டையாயிருந்தது. இடம், வலம் என்ற வேற்றுமையும் அதற்கில்லை. வலக்கைக்குரிய கையுறை இடக்கைக்குப் பொருந்துமா?

அம்மையார், பெயிற்றன் மாசி என்னும் செயற்கையுறுப்பு நிபுணருடன் சேர்ந்து, சிலிக்கோனைக் கொண்டு இயல்பான நிறையும் மென்மையும் உடைய உறுப்பொன்றை ஆக்கினார். இடத்துக்கு வேறு, வலத்துக்கு வேறு. மார்புக்கச்சையின் அளவுகளுக்கேற்ப அளவுகளும் பல. ‘நியர்லி மீ’, அதாவது ‘ஏறக்குறைய நானே’, என்பது அதன் பெயர். தம்மைப்போல் இந்நோயினின்று மீண்ட பெண்களைத் துணைகொண்டு, கடைகளுக்குச் சென்று, அளவு பார்த்துப் பொருத்தும் முறையைக் காட்டினார். 1974இல் இதே சிகிச்சை பெற்று, அதனை நாட்டுக்கு ஒளியாது கூறிய சனாதிபதியின் துணைவியார் பெற்றி போட் அம்மையாருக்கும் இவர் பொருத்திக் கொடுத்தார்.

உறுப்பு நன்றாயிருந்தாற் போதாது. உடையும் இசைய வேண்டும். புண் ஆறும் காலத்தில் பாரமற்ற பஞ்சுறுப்பே ஏற்றது. பின்னர் அணியும் கச்சையின் உட்புறத்தில் மெல்லிய துணிப்பையொன்று தைத்தால், உறுப்பு அதனுள் நகராதிருக்கும். தோள்பட்டி அகலமாயும், விளிம்பு மென்மையாயும், கம்பி இல்லாததாயும் இருத்தல் நன்று. கையை உயர்த்த இயலாத நாட்களில் முன்புறம் கொளுவும் கச்சை உதவும். இவை தையல் தெரிந்தவர்களால் வீட்டிலேயே செய்யத்தக்கவை. பருத்தி நூலால் உறுப்பைப் பின்னி, பஞ்சு நிரப்பி, இலவசமாக வழங்கும் தொண்டர்களும் இன்று பல நாடுகளில் உளர்.

இவற்றை அணிவதும் அணியாது விடுவதும் அப்பெண்ணின் விருப்பம். ஆனால், வேண்டுமென்பவளுக்குக் கிடைக்க வேண்டும். எங்கு உறுத்துகின்றது என்று அவளையே கேட்டுச் செய்தல் வேண்டும். நோவு எங்கென்பது நொந்தவளுக்கே தெரியும். தாயோ தமக்கையோ இந்நிலையிலிருந்தால், இளைஞர்களே, முகந் திருப்பாதீர்கள். என்ன வேண்டுமென்று அன்போடு கேளுங்கள். தையல் தெரிந்த சகோதரிகளே, ஊசியையும் நூலையும் எடுத்துக் கொடுங்கள். இதுவும் பெருந்தொண்டே.