வளைந்த பரப்பும் கணினியின் கணக்கும்



இன்றைய கருத்தரங்கின் தலைப்பு, 'கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?' என்பது. இதற்கு விடை தேட, நோர்வே நாட்டில் 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் தேதி நடந்த ஒரு சம்பவத்தைப் பார்க்க வேண்டும்.

வட கடலில் எரிவாயு எடுப்பதற்காக 'ஸ்லைப்னர் ஏ' என்ற மேடை உருவாகிக் கொண்டிருந்தது. அதன் அடித்தளம் 24 கான்கிரீட் அறைகளைக் கொண்டது. ஸ்தவாங்கர் நகருக்கு அருகே அதை நீரில் மெல்ல அமிழ்த்திச் சோதித்தார்கள். ஏறக்குறைய 65 மீட்டர் ஆழம் வந்தபோது ஓர் அறைச்சுவர் வெடித்தது. உள்ளே பாய்ந்த நீரைப் பம்புகளால் வெளியேற்ற முடியவில்லை. அடித்தளம் முழுவதும் மூழ்கி, 220 மீட்டர் ஆழத்தில் தரையில் மோதி நொறுங்கியது. அந்த அதிர்ச்சி ரிக்டர் அளவில் 3 எனப் பதிவானது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் இழப்பு சுமார் 700 மில்லியன் அமெரிக்க டாலர்.

சுவர் ஏன் வெடித்தது? வட்டமான அறைகள் மூன்று சந்திக்கும் இடத்தில் முக்கோண வடிவில் ஓர் இடைவெளி இருந்தது. அதில் கடல் நீர் நிறைந்து சுவரை அழுத்தியது. அந்த அழுத்தத்தால் சுவரில் உண்டாகும் வெட்டுவிசையைக் கணினி 47 விழுக்காடு குறைவாகக் கணக்கிட்டிருந்தது. அதை நம்பிச் சுவரை மெலிதாகக் கட்டினார்கள். சுவருக்குள் இருந்த கம்பிகளும் போதிய நீளத்திற்குப் பதிக்கப்படவில்லை.

கணினிக்குக் கூட்டல் மறந்துவிட்டதா? இல்லை. அது கணக்குப் போடும் விதத்தைச் சற்றே புரிந்துகொண்டால் சிக்கல் விளங்கும்.

பொறியாளர்கள் 'ஃபைனைட் எலிமெண்ட்' என்று அழைக்கும் முறையில், ஒரு கட்டடமோ குழாயோ விமான இறக்கையோ சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. வட்டம் ஒன்றை 8 நேர்க்கோடுகளால் வரைந்தால் சுற்றளவு சுமார் 2.5 விழுக்காடு குறையும். 16 கோடுகளால் வரைந்தால் குறை 0.6 விழுக்காட்டுக்கு இறங்கும். துண்டுகளை இரட்டிப்பாக்கினால் பிழை நான்கில் ஒரு பங்காகிறது. துண்டுகளையே வளைத்து வைத்தால் வடிவம் இன்னும் நன்றாகப் பொருந்தும்.

அடுத்து, ஒவ்வொரு துண்டின் மீதும் விழும் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். இதற்குத்தான் தொகையீடு என்று பெயர். மென்பொருள் பரப்பு முழுவதையும் பார்ப்பதில்லை. சில புள்ளிகளில் மட்டும் தொட்டுப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுத்துக் கூட்டுகிறது. வீட்டில் சோறு வெந்ததா என்று சில பருக்கைகளை நசுக்கிப் பார்ப்பது போலத்தான். எந்த இடத்துப் பருக்கையை எடுப்பது என்பதில்தான் சாமர்த்தியம்!

அந்தச் சாமர்த்தியத்தை 1814-இல் வகுத்துக் கொடுத்தவர் ஜெர்மானியக் கணித மேதை காஸ். சைன் வளைகோட்டின் முதல் கால் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கீழுள்ள பரப்பு சரியாக 1. இரு ஓரங்களில் மட்டும் உயரத்தை அளந்து சராசரி பார்த்தால் 0.785 வருகிறது. காஸ் சொன்னபடி, இரு ஓரங்களிலிருந்தும் அகலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி அளந்தால் 0.998 வருகிறது. இரண்டு முறையும் அளந்தது இரண்டே புள்ளிகள்தான். பிழையோ 21 விழுக்காட்டிலிருந்து கால் விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது.

வளைந்த பரப்பில் இன்னொரு தொல்லை உண்டு. மென்பொருள் முதலில் ஒரு தட்டையான சதுரத்தில் புள்ளிகளைக் குறிக்கிறது. பிறகு அந்தச் சதுரத்தை ரப்பர் துணி போல இழுத்து வளைவின் மீது போர்த்துகிறது. ஓரிடத்தில் அதிகம் நீளும், ஓரிடத்தில் குறைவாக நீளும். ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு நீண்டது என்று கண்டு அதனால் பெருக்க வேண்டும். வளைவில் இந்தப் பெருக்கத்திற்குள் வர்க்கமூலம் வந்துவிடுவதால், விடை பெரும்பாலும் தோராயமாகவே அமையும். துண்டு கோணலாக இருந்தாலோ பிழை கூடும். ஒரு துண்டுக்கு 4 புள்ளிகளா 9 புள்ளிகளா, துண்டுகள் எத்தனை, எந்த வடிவம் என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்லைப்னரில் தவறியது இந்த முடிவுதான். ஆபத்தான அந்த மூலையில் துண்டுகள் பெரிதாகவும் கோணலாகவும் இருந்தன. விபத்துக்குப் பிறகு நுணுக்கமாகக் கணக்கிட்டபோது, சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்ததோ 65 மீட்டரில்! கேட்க வேண்டியபடி கேட்டபோது கணினி சரியாகவே சொன்னது.

பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். திரையில் சிவப்பும் நீலமுமாக அழகிய படம் வந்தவுடன் வேலை முடிந்துவிடாது. துண்டுகளை இரட்டிப்பாக்கி மீண்டும் ஓட்டுங்கள். விடை மாறினால் முதல் விடையை நம்பாதீர்கள். புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள். எளிய வாய்ப்பாட்டை வைத்துத் தாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான். அந்தச் சுவருக்கு அப்படி ஒரு கணக்கைப் போட்டிருந்தால், அது மெலிதாக இருப்பது காகிதத்திலேயே தெரிந்திருக்கும்.