கை பழகினால் கல்வி வரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. ஆயினும் செயலாளர் அவர்கள் என்னை அழைத்து, "நீர் செய்யும் தொழிலைப் பற்றிப் பேசும், நம் குடியிருப்புப் பிள்ளைகள் அதனைக் கற்பதற்கு வழி உண்டா என்று கூறும்" எனப் பணித்தார்கள். நான் புலவன் அல்லேன். பெங்களூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணிப்பொறிகளைக் காத்துவரும் தொழிலாளி. தொழிலாளியின் பேச்சாகவே இதனைக் கொள்ள வேண்டுகிறேன்.

என் தந்தையார் கோலார் தங்கவயலில் வைண்டிங் எஞ்சின் ஓட்டியவர். ஏறக்குறைய 3,200 மீட்டர் ஆழம் வரை மனிதர் இறங்கி உழைத்த ஊர் அது. ஆட்கள் நின்ற கூண்டைச் சுரங்கத்துள் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் பணி. கீழே இருப்பவர் முகம் தெரியாது, குரல் கேளாது. மணி எத்தனை முறை ஒலிக்கிறது என்பதைக் கொண்டே கை நெம்புகோலை நகர்த்தும். அத்தொழிலை அவர் எந்த ஏட்டிலும் படித்தவர் அல்லர். மூத்த ஓட்டுநர் ஒருவர் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து, பார்த்து, தொட்டு, திட்டு வாங்கிக் கற்றவர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவ்வூர் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இரவில் திரும்புகின்றனர். அவர்களுள் சிலர் நம் உறவினர். சிலர் நம் குடியிருப்பிலேயே குடியேறியவர். அவர்களை மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன்.

சர்வர் என்று ஊரார் கூறும் கணிப்பொறியைத் தமிழில் வழங்கி என்பர். கேட்டவர்க்குக் கேட்டதை வழங்குவதால் அப்பெயர். நீங்கள் கைபேசியில் ரயில் சீட்டுப் பதியும்போதும், மின்கட்டணம் செலுத்தும்போதும், எங்கோ ஒரு கூடத்தில் உள்ள வழங்கி ஒன்று உங்களுக்கு விடை கூறுகிறது. அதன் எதிரில் எவரும் அமர்ந்திருப்பதில்லை. பெரும்பாலும் அதற்குத் திரையும் இல்லை. இரவும் பகலும் அது ஓடிக்கொண்டே இருத்தல் வேண்டும். அதனை ஓடச் செய்பவரே வழங்கி நிர்வாகி. முகம் தெரியாத மக்கள் அவர் கையை நம்பி இருக்கின்றனர். என் தந்தையார் தொழிலுக்கும் என் தொழிலுக்கும் உள்ள உறவு இதுவே.

அவ்வழங்கிகளுள் மிகப் பலவற்றை இயக்குவது லினக்ஸ் என்னும் இயங்குதளம். அதன் வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன். மென்பொருளைப் பயன்படுத்துவோர் அதன் மூலநிரலைப் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு அளிக்கவும் உரிமை பெறுதல் வேண்டும் என்று ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் 1983ஆம் ஆண்டு குனூ திட்டத்தை அறிவித்தார். 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுவந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக உலகுக்குத் தெரிவித்தார். அவர் எழுதிய கருவும் குனூ திட்டத்தின் கருவிகளும் ஒன்று சேர்ந்தன. மாணவர் ஒருவரின் பொழுதுபோக்கு எவ்வளவு வளர்ந்தது பாருங்கள்! உலகின் மிக விரைவான 500 கணிப்பொறிகளின் பட்டியலில், 2017 நவம்பர் முதல் ஐந்நூறுமே லினக்ஸில் இயங்குபவை. நம் நகரத்து இந்திய அறிவியல் கழகத்தில் 2022ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பரம் பிரவேகா என்னும் 3.3 பெட்டாஃபிளாப் மீத்திறன் கணிப்பொறியும் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இதில் நமக்கு என்ன? கூறுகிறேன். அறிவியல் கழகத்தில் ஓடும் அதே குடும்பத்து இயங்குதளம், நம் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கும் பழைய கணிப்பொறியிலும் ஓடும். காசு இல்லை, எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. டெபியன் என்னும் லினக்ஸ் வகையைப் படமுகப்பு இன்றி நிறுவினால் 1 ஜி.பி. நினைவகமே போதும். தையல் கற்க விரும்பும் ஏழைப் பெண்ணுக்கு ஒருவர் ஆலையையே திறந்துவிட்டு, "இதோ, எடுத்துப் பழகு" என்று கூறினால் எவ்வாறு இருக்கும்? அத்தகைய பேறு இது. ஆனால் நம்மில் பலர் அந்தத் திறந்த வாயிலை விட்டுவிட்டு, பூட்டிய கதவுக்குப் பணம் கட்டுகின்றனர்.

நம் குடியிருப்பில் நிகழ்ந்ததை, பெயர் கூறாமல் சொல்கிறேன். ஒரு தாய் தம் வளையலை அடகு வைத்து, மகனை ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்த்தார். ஆறு மாதம் அவன் திரையில் காட்டிய படங்களைப் பார்த்தான், குறிப்பு எழுதினான், தேர்வில் வினாக்களுக்கு விடை தெரிவு செய்தான், பொன்னெழுத்தில் சான்றிதழும் பெற்றான். வேலைக்குச் சென்ற இடத்தில் அவனிடம் ஒரு விசைப்பலகையைக் கொடுத்து, "புதிய வட்டு ஒன்றை இந்த வழங்கியில் இணைத்துக் காட்டு, பொறியை நிறுத்தி மீண்டும் தொடங்கினாலும் அது இணைந்திருத்தல் வேண்டும்" என்றனர். விடை அவன் நினைவில் இருந்தது; விரலுக்குத் தெரியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அன்று கண்டோம். பையன்மேல் பிழை இல்லை, அன்பர்களே! நீந்தக் கற்பிப்பதாகக் கூறி, அவனைக் கரையிலேயே அமர்த்திவிட்டார்கள்.

தொழில் அறிந்தோர் இதனை உணர்ந்தே இருக்கின்றனர். ரெட் ஹேட் நிறுவனத்தின் நிர்வாகித் தேர்வில் கட்டுரை இல்லை. விடை தெரிவு செய்யும் வினாவும் இல்லை. பொறியை முன்னே வைத்து, "இவ்வாறு செய்க" என்பர். செய்தது நிலைத்திருந்தால் மதிப்பெண். மொத்தம் 300, தேர்ச்சிக்கு 210.

அவ்வாறாயின் கைப்பயிற்சி எவ்வாறு இருத்தல் வேண்டும்? இரண்டு பாடங்களை மட்டும் காட்டுகிறேன், தாய்மார்களுக்கும் விளங்கும்.

முதலாவது, உரிமை. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று இலக்கம் உண்டு. உடையவர்க்கு ஒன்று, குழுவினர்க்கு ஒன்று, பிறர்க்கு ஒன்று. படிக்க 4, எழுத 2, இயக்க 1. நம் சங்கத்தின் கணக்கேட்டை எண்ணிக்கொள்ளுங்கள். பொருளாளர் படிக்கலாம், எழுதலாம், ஆகவே 6. செயற்குழுவினர் படிக்கலாம், ஆகவே 4. பிறர்க்கு ஒன்றும் இல்லை, சுழி. 640 என்று கட்டளையிட்டால் ஏடு காப்புற்றது. சோம்பல் மிக்க நிர்வாகி 777 என்று இடுவான். அது பணப்பெட்டியைத் தெருத்திண்ணையில் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, உடைத்துப் பழகுதல். எந்த வட்டு எங்கே இணைய வேண்டும் என்று குறித்த கோப்பு ஒன்று உண்டு. அதன் பெயர் எஃப்எஸ்டேப். அதில் வட்டின் பெயரை ஆசிரியரே வேண்டுமென்று பிழையாக எழுதிப் பொறியை மீண்டும் தொடங்குவார். பொறி பாதி வழியில் நின்று, அவசரநிலை என்று அறிவிக்கும். மாணவன் முகம் வெளிறும். "அஞ்சாதே, திரையில் உள்ளதைப் படி" என்பார் ஆசிரியர். அவன் படிப்பான், பிழைபட்ட வரியைக் காண்பான், திருத்துவான், பொறி எழும். அந்த அரைமணி கற்பித்ததை ஆறு மாதச் சொற்பொழிவு கற்பியாது. இதற்கென ஒரு பொறியைப் பலியிட வேண்டியதும் இல்லை. ஒரு கணிப்பொறிக்குள்ளேயே விர்ச்சுவல் மெஷின் என்னும் மெய்நிகர் பொறிகள் இரண்டு மூன்றை உண்டாக்கி, உடைத்து, நொடியில் பழைய நிலைக்கு மீட்கலாம்.

உடைத்துப் பழகாமல் நான் பட்ட பாட்டையும் மறைக்காமல் கூறுதல் முறை. இளமையில் ஒரு நிறுவனத்தில் இரவுப் பணியில் இருந்தேன். திரையில் இரண்டு சாளரங்கள். ஒன்று சோதனைப் பொறி, மற்றொன்று மக்கள் பயன்படுத்தும் பொறி. நீக்கும் கட்டளையைத் தவறான சாளரத்தில் இட்டுவிட்டேன். லினக்ஸில் அக்கட்டளை "உறுதிதானா?" என்று பெரும்பாலும் கேட்பதில்லை, கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாம் மறைந்தது. அன்றாடம் காப்புப் பிரதி எடுத்து வந்தேன் என்ற துணிவில் அதனைத் திறந்தேன். கோப்புகள் இருந்தன, உள்ளே ஒன்றும் இல்லை. பிரதி எடுத்தேனேயன்றி, ஒரு நாளும் அதனை மீட்டுப் பார்த்தவன் அல்லேன். மூன்று நாள் உறக்கமின்றி மீண்டும் கட்டினோம். பிழை முழுதும் என்னுடையது. மீட்டுப் பார்க்காத பிரதி பிரதியே அன்று என்பதை என் மாணவர்க்கு முதல் நாளே கூறுவேன். மாதம் ஒருமுறை மீட்டுக் காட்டவும் செய்வேன்.

பெயரைக் கற்காதீர், தொழிலைக் கற்பீர் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. சென்ட்ஓஎஸ் என்னும் லினக்ஸ் வகையை நம்பி உலகெங்கும் வழங்கிகள் ஓடின. 2029 வரை காக்கப்படும் என்று எதிர்பார்த்த அதன் எட்டாம் பதிப்பு, 2021 இறுதியோடு முடியும் என்று 2020 டிசம்பரில் அறிவித்தனர். பெயரை மட்டும் அறிந்தவர் கலங்கினர். ஆனால் மூலநிரல் திறந்திருந்தது. 2021 மார்ச்சில் ஆல்மா லினக்ஸும், ஜூனில் ராக்கி லினக்ஸும் வெளிவந்தன. கை பழகியவர் அவற்றுக்கு மாறிக்கொண்டு தம் பணியைத் தொடர்ந்தனர். இன்று கட்டளையை எழுதித் தரச் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. நன்று! ஆனால் அது தந்த கட்டளை நீக்குவதா ஆக்குவதா என்று அறிந்து விசையை அழுத்தப் பழகிய கை வேண்டும் அன்றோ?

இந்நகரத்துக்கு இது புதிது அன்று. 2001இல் லினக்ஸ் பெங்களூர் என்ற பெயரில் தொடங்கி, 2005இல் ஃபாஸ்.இன் எனப் பெயர் மாறி, 2012 வரை இங்கே மாநாடுகள் நடந்தன. கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்து அன்பர்கள் சுதர்சன் லேஅவுட் குடிசைப்பகுதியில் அம்பேத்கர் பெயரால் கணிப்பொறி நிலையம் அமைத்து, பழைய பொறிகளைக் கொண்டே பிள்ளைகளைப் பழக்கினார்கள். 2012இல் தொடங்கிய கணியம் லினக்ஸ் பற்றித் தமிழிலேயே நூல்கள் வெளியிட்டு, விலையின்றி வழங்கி வருகிறது. எனவே, ஆங்கிலம் தடை என்ற சாக்கும் பெருமளவு நீங்கிற்று.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் நூலகக் கூடத்தைத் தாருங்கள். நம் இல்லங்களில் கிடக்கும் பழைய கணிப்பொறிகளில் ஆறினைத் தாருங்கள். கற்பிக்க நான் வருகிறேன். என் தோழர் இருவரும் வருவர். பெண்பிள்ளைகள் தவறாது வருதல் வேண்டும். நம்மை வாழவைக்கும் கன்னடச் சகோதரர் வீட்டுப் பிள்ளைகளும் வரட்டும். வேலை வாங்கித் தருவோம் என்று வாக்களிக்க மாட்டேன். அவ்வாறு வாக்களிப்பவரை நம்பவும் வேண்டா. பன்னிரண்டு வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வழங்கியைத் தன் கையால் நிறுவி, உடைத்து, மீட்டிருக்கும். அதற்கு நான் பொறுப்பு.

பணம் கட்டிப் படிக்க வைக்க விரும்பும் பெற்றோர் நிலையத்தாரிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள். நாள்தோறும் எத்தனை மணி நேரம் விசைப்பலகை என் பிள்ளையின் கையில் இருக்கும்? பொறியை உடைத்துப் பழக விடுவீர்களா? அழிந்த வழங்கியைப் பிரதியிலிருந்து மீட்டுக் காட்டச் சொல்வீர்களா? இம்மூன்றுக்கும் விடை கிட்டாவிடில், வளையல் கையிலேயே இருக்கட்டும்.

என் தந்தையார்க்கு அருகில் அமர ஒரு மூத்தவர் இடம் தந்தார். அதனால் எங்கள் குடும்பம் உண்டது. இன்று நம் பிள்ளைகளுக்கு அருகில் இடம் தரும் மூத்தவர்களாக நாம் இருப்போம். வரும் ஞாயிறு காலையில் கூடத்தின் கதவு திறந்திருக்கட்டும்.