கண்ணில் பட்ட கீறலும் முதல் நாளும்

(கோவளத்தில் கூடிய கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கடனையும் தவணையையும் பற்றிப் பேச வேண்டியவன் கண் நோயைப் பற்றிப் பேச வந்தது உங்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். நான் வைத்தியனல்லன். ஆயினும் சங்கக் கணக்குகளைப் பரிசோதிக்குங்கால், தவணை தவறியோர் ஜாபிதாவில் உள்ள சில பெயர்களுக்குப் பின்னால் சோம்பலோ சூதோ இல்லை. நோயே இருக்கக் காண்கிறேன்.

வேறொரு கிராமத்தில் ஓர் அங்கத்தினர் இருக்கிறார். பல வருஷங்களாகத் தவணை தவறாதவர். ஒரு நாள் களத்தில் நெல் தூற்றுகையில் உமி ஒன்று அவர் கண்ணில் பட்டது. அன்று முந்தானை நுனியால் துடைத்தார்கள். மறுநாள் தாய்ப்பால் விட்டார்கள்; அதற்கு மறுநாள் நந்தியாவட்டைச் சாறு. நான்காம் நாள் ஒரு கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கினார்கள். சிவப்புக் குறைந்தது, குணமாயிற்று என்று எண்ணினார்கள். இரண்டு வாரம் கழித்துப் பெரிய வைத்தியசாலைக்குச் சென்றபோது கருவிழியில் பூ விழுந்துவிட்டது, பார்வை திரும்பவில்லை. போக்குவரத்துச் செலவும் மருந்துச் செலவும் கூலி நஷ்டமும் சேர்ந்து, மனைவியின் நகை அடகுக்குப் போயிற்று. அந்தக் கடனை அவர் இன்றளவும் கட்டி வருகிறார்.

இது எதனால் நேர்ந்தது? கருவிழியின் முன்னால் தெளிந்த கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. அதன் மேல்தோல் கீறாத வரையில் பெரும்பாலான கிருமிகள் உள்ளே நுழையமாட்டா. உமியோ இலையோ கீறினால், அவற்றில் ஒட்டியுள்ள பாக்டீரியாக்களும் பூஞ்சக்காளானும் உட்புகுந்து புண் உண்டாக்குகின்றன. புண் ஆறினாலும் தழும்பு நின்று ஒளியை மறைக்கிறது. அதையே நாம் பூ என்கிறோம்.

நம் மாகாணத்தில் இதை நன்கு ஆராய்ந்த இடம் மதுரை. 1993-ஆம் வருஷத்தில் அந்த ஜில்லாவில் லட்சம் பேருக்கு ஏறக்குறைய 113 பேர் இந்நோயுற்றனர் என்று கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு பகுதியில் எடுத்த கணக்கைப் போல் இது பத்து மடங்கு. 1994-இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் வைத்தியசாலைக்கு வந்த 434 நோயாளிகளைப் பரிசோதித்ததில், நூற்றுக்கு 65 பேருக்குக் கண்ணில் அடிபட்டே புண் வந்திருந்தது. பாதிக்கு மேற்பட்டோர் விவசாய வேலை செய்பவர்கள். கிருமி இன்னதென்று கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பூஞ்சக்காளானே காரணம்.

மதுரையில் நெல்லுமி என்றால், நம் கோவளத்தில் தூண்டில் முள், மீன் செதில், காற்றில் பறக்கும் மணல், சவுக்குச் சுள்ளி, படகைச் சுரண்டும்போது தெறிக்கும் வர்ணத் துகள். பொருள் வேறு, கீறல் ஒன்றே.

இனி நற்செய்தியைக் கூறுகிறேன். மதுரை ஜில்லாவில் இரண்டு பஞ்சாயத்துக்களில் 48,039 ஜனங்களைப் பதினெட்டு மாதம் கவனித்த ஆராய்ச்சி ஒன்று 2006-இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற கிராம ஊழியர் பதினைவரிடம் கண்ணில் அடிபட்டு வந்தோர் 1,365 பேர். அவர்களில் 374 பேருக்குக் கருவிழியில் கீறல் இருந்தது. தினம் மூன்று முறையாக மூன்று நாள் களிம்பு இட்டார்கள். அவ்வாறு சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் கீறல் கேடின்றி ஆறிற்று. நேபாள தேசத்துப் பக்தபூரில் முன்னரே நடந்த ஆராய்ச்சியில், அடிபட்ட பதினெட்டு மணி நேரத்துக்குள் வந்தவர் எவர்க்கும் புண் வரவில்லை. ஆகவே கண்ணைக் காப்பது விலையுயர்ந்த மருந்தன்று, முதல் நாளே.

நீங்கள் கைக்கொள்ள வேண்டியவை இவை:

1. படகு சுரண்டும்போதும், சவுக்கு வெட்டும்போதும், கதிர் அடிக்கும்போதும் காப்புக் கண்ணாடி அணியுங்கள்.

2. தூசி விழுந்தால் கசக்காமல் சுத்த ஜலத்தால் கழுவுங்கள். சுண்ணாம்பு தெறித்தால் நெடுநேரம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். முள் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள்.

3. நாவினால் தூசி எடுப்பதும், தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு விடுவதும் கூடாது. அன்பினால் செய்தாலும் அவை கிருமியைக் கொண்டு சேர்க்கும்.

4. வைத்தியர் எழுதித் தராத சொட்டு மருந்தை வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்து சிவப்பை மறைத்துப் பூஞ்சக்காளானை வளர்க்கும்.

5. வலி, சிவப்பு, நீர்வடிதல், வெளிச்சத்தில் கூச்சம், வெள்ளைப் புள்ளி இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே கிராம சுகாதார நர்ஸிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சிறிதும் தாமதிக்கலாகாது. மேல் சிகிச்சை வேண்டுமாயின், 1819-இல் தொடங்கிய சர்க்கார் கண் வைத்தியசாலை எழும்பூரில் இருக்கிறது.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். காப்புக் கண்ணாடிகளை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குக் கொடுக்கலாம். கண்ணில் அடிபட்ட ஏழை அங்கத்தினருக்கு அன்றைய போக்குவரத்துச் செலவைச் சட்டம் இடங்கொடுக்கும் அளவில் உதவலாம். “நாளைக்குப் பார்க்கலாம்” என்று அவர் சொல்வது பெரும்பாலும் அந்தச் சிறு தொகை கையில் இல்லாததால்தான். அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவரும்படி காரியதரிசியைக் கேட்டுக்கொள்கிறேன்.

தவறிய தவணையை அடுத்த வருஷம் கட்டலாம். தவறிய முதல் நாளைத் திரும்பப் பெற வழியில்லை.